பத்தடி உயர அந்தரங்கம்

2017 டிசம்பரில் பேஸ்புக் ஒரு புண்ணியம் செய்தது. உங்கள் முகமுள்ள படத்தை நீங்களும் பார்க்கும்படி யாராவது ஏற்றினால், பெயரே குறிக்காவிட்டாலும் உங்களுக்குச் சேதி வரும் என்றது. 2021 நவம்பரில், நூறு கோடிக்கும் அதிகமானோரின் முக அடையாளங்களை அழிக்கப்போவதாக அறிவித்துக் கடையைச் சாத்தினார்கள். பாவம், ஆடி மாதம் கீரமங்கலம் பக்கம் வந்திருந்தால் தொழில் கற்றிருப்பார்கள்.

இங்கே மொய் வாங்கவென்றே வைக்கும் மொய் விருந்தின் பிளெக்ஸில் மாமன், மச்சான், பங்காளி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் வரை கூலிங்கிளாஸோடு நிற்பார்கள். அனுமதி கேட்கும் வழக்கமில்லை. படத்தை விட்டுவிட்டால்தான் வழக்கே வரும். முகம், வாட்ஸ்அப் டிபியில் வெட்டியது. கழுத்துக்குக் கீழே உள்ள கோட்டு டிசைனர் உபயம். இதைவிடக் கண்ணியமாக ஒருவருடைய அந்தரங்கத்தை யார் காப்பார்கள்?

நண்பர் ஒருவர் விவரமானவர். செட்டிங்ஸில் அத்தனையையும் ‘நான் மட்டும்’ என்று பூட்டியிருந்தார். மெயின் ரோட்டில் பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டும் இருந்தார். முக அடையாள எச்சரிக்கை அன்று சாயங்காலமே வந்தது, போனில்:

“மாப்ள, பிளெக்ஸ்ல பாத்தேன். ஊர்லதான் இருக்கியாக்கும்? அஞ்சு வருசத்துக்கு முந்தி உனக்கு எழுதுன மொய் நோட்டுல அப்படியே நிக்குது. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம விருந்து.”