உரிப்பவர் யார்? எடமாமே குறித்து உப்பளத்து அடுப்பங்கரையிலிருந்து ஒரு சிற்றாய்வு

"பத்தே நிமிடத்தில் காரசாரமான தொடுகறி" என்று படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவர்கள் ஏராளம். அந்தப் பத்து நிமிடம் எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் எந்தச் சமையல் குறிப்பும் சொல்வதில்லை. காய் உரிக்க உட்காரும்போதா, உரித்து முடித்து எண்ணெய் காயும்போதா? பட்டாணி, மொச்சை, காராமணி என்று தோலுக்குள் கொட்டை வைத்த எல்லாக் காய்களின் வரலாற்றிலும் மறைக்கப்பட்ட அத்தியாயம் இதுதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள். உரிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உலகில் எல்லாச் சமையலும் துரிதச் சமையல்தான்.

ஆய்வுப் பொருள் எடமாமே. முற்றுவதற்கு முன்னரே பறித்த சோயா மொச்சையைத் தோலோடு உப்புநீரில் வேகவைத்து ஜப்பானியர் தின்பது. ஆய்வுக் களம் புதுச்சேரி நகரின் தென்பகுதியான உப்பளம். ஜப்பானில் நடக்க வேண்டிய ஆய்வை இங்கே நடத்துவானேன் என்று கேட்போர்க்கு விடை ஊரின் பெயரிலேயே உள்ளது. எடமாமேக்கு முதல் தேவை உப்பு.

தமிழ் வீடுகளுக்குச் சோயா புதிதல்ல. ஆனால் நாம் அறிந்த சோயா, எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சிய மாவை உருட்டி உலர்த்திய மீல் மேக்கர்தான். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவில் பெரும்பகுதி முற்றிக் காய்ந்து எண்ணெய் ஆலைக்குப் போகிறது. அதைப் பச்சையாகவே பறித்துக் காய்கறியாகத் தின்னலாம் என்பதற்காக ராஞ்சியில் ஸ்வர்ண வசுந்தரா என்றொரு ரகம்கூட உருவாக்கியிருக்கிறார்கள். அது உப்பளம் வந்து சேரவில்லை. இங்கே வந்திருப்பது உறைபனிப் பெட்டியில் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் எடமாமே. விலையைப் பார்த்தால் படுத்தே இருக்கட்டும் என்று தோன்றும்.

பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய மார்க்கெட்டில் மொச்சை விற்கும் அம்மாவிடம் நிபுணர் கருத்துக் கேட்கப்பட்டது. ஒரு காயை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, மொச்சைக்கு மீசை முளைச்ச மாதிரி கீது?"

இதைவிடத் துல்லியமான தாவரவியல் விவரணையை இக்கட்டுரையாளர் எந்த நூலிலும் கண்டதில்லை. எடமாமேயின் தோல் முழுக்க மெல்லிய ரோமம். ஜப்பானியர் அதை வேகவைக்கும் முன் உப்பைப் போட்டுக் கையால் தேய்ப்பது அந்த ரோமத்தைக் குறைக்கவும்தான்.

உப்பின் அளவுக்கு வருவோம். அங்கே பலரும் பின்பற்றும் கணக்கு நூற்றுக்கு நான்கு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு. உலகக் கடல்நீரின் சராசரி உப்பு நூற்றுக்கு மூன்றரை. ஆகவே உப்பளத்திலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள வங்கக் கடல், எடமாமே வேகவைக்க ஏறக்குறைய தயார் நிலையில் காத்திருக்கிறது. அடுப்பு மட்டும்தான் பாக்கி. ஆனால் ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு உப்பாற்று வாய்க்கால் வந்து கலப்பதும் இந்தக் கடலோரத்தில்தான் என்பதால் இம்முறையைப் பரிந்துரைப்பதற்கில்லை.

குழாய்த் தண்ணீரில் உப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அங்கே வரலாறு குறுக்கிடுகிறது. 1815 மார்ச் 7-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிரெஞ்சிந்திய உப்பு ஆங்கிலேயர் பிடிக்குள் போனது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய். 1818-இல் இன்னும் ஒருபடி மேலே போய், பிரெஞ்சுப் பகுதியில் உப்புக் காய்ச்சுவதையே நிறுத்தச் சொல்லி, உப்பளக்காரர்களுக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 வராகன் தர ஏற்பாடாயிற்று. உப்பு விளைவிக்காமல் இருப்பதற்குச் சம்பளம்! இன்று உப்பளத்தில் எடமாமே வேகவைப்பவர் கடையில் வாங்கிய உப்பைத்தான் போடுகிறார். பக்கத்து மரக்காணத்து உப்பாக இருந்தால் ஓரளவு மானம் காப்பாற்றப்படும்.

செய்முறை எளிது. கொதிக்கும் உப்புநீரில் காயைப் போட்டு நாலைந்து நிமிடம். உறைந்த காய் ஏற்கெனவே ஒருமுறை வெந்நீரில் போட்டு எடுத்தது என்பதால் அதற்கு மேல் விட்டால் குழையும். மூடி போடக் கூடாது. காய் வேகும்போது அதிலிருந்து கிளம்பும் அமிலங்கள் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி அவற்றைத் திருப்பி அனுப்பினால் பச்சையம் தன் மக்னீசியத்தைப் பறிகொடுத்துக் காக்கி நிறமாகிவிடும். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசாமல் தட்டில் பரப்பி விசிறுவது நல்லது, இல்லாவிட்டால் போட்ட உப்பெல்லாம் தொட்டியில் போகும்.

அடுத்து வருவது காரம், இவ்வாய்வின் சிக்கலான பகுதி. வெளிநாட்டுக் குறிப்புகள் பூண்டும் மிளகாய்த் துகளும் எள்ளெண்ணெயும் சொல்கின்றன. எள்ளெண்ணெய் என்றதும் நம் நல்லெண்ணெயை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அவர்கள் சொல்வது வறுத்த எள்ளின் எண்ணெய், மணத்துக்குக் கடைசியில் சொட்டுவது. நம்முடையது தாளிக்கவே பிறந்தது. அப்படியானால் எதைத் தாளிப்பது? புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும்: வடவம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து கோடை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்த உருண்டை. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இதைக் கொண்டுபோய் வதூவான் என்று பெயரிட்டு, காரத்தை எடுத்துவிட்டுப் பொடியாக்கி, சிறு புட்டியில் அடைத்துப் பெரும் விலைக்கு விற்கிறார்கள். ஒரு சிட்டிகை வடவம் நல்லெண்ணெயில் பொரிந்ததும் நாலு வரமிளகாயைக் கொரகொரவென்று இடித்துப் போட்டு, நசுக்கிய பூண்டு சிவந்ததும் வெந்த காயைக் கொட்டிப் பிரட்டி, இறக்கி எலுமிச்சை பிழிந்தால் தீர்ந்தது. மொத்தம் பத்து நிமிடம்தான். முதல்முறையாக ஒரு சமையல் குறிப்பு உண்மை சொல்லியிருக்கிறது.

இந்த நேர்மையின் காரணத்தை ஆராய்ந்தபோதுதான் கருதுகோள் நிரூபணமாயிற்று. எடமாமேயைச் சமைப்பவர் எதையும் உரிப்பதில்லை. தின்பவர் காயை வாயில் வைத்துப் பல்லால் அழுத்திக் கொட்டையை உறிஞ்சிக்கொண்டு தோலைத் துப்புகிறார். உரிக்கும் வேலை சமையலறையிலிருந்து கூடத்துக்கு, அதுவும் தின்பவனின் பல்லுக்கே மாற்றப்பட்டிருக்கிறது. தொழிற்சங்கங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஒப்புநோக்க மொச்சையை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் தொடங்கித் தை மாதம் முழுக்கச் சந்தையில் குவியும் பச்சை மொச்சைதான் எடமாமேக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய நிகர். பகல் குறுகினால்தான் பூக்கும் பழைய சாதி, அதனால்தான் பொங்கலோடு வருகிறது. (லாப்லாப் பர்ப்யூரியஸ் என்ற இதன் இன்றைய அறிவியல் பெயரை ராபர்ட் ஸ்வீட் அச்சேற்றியது 1826-இல். புதுச்சேரித் தாவரவியல் பூங்கா தொடங்கியதும் 1826-இல். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருப்பினும் ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒன்றாவது இருக்க வேண்டும்.) மொச்சைக் காயை உரிப்பது முதல் உரிப்பு. பிதுக்குப் பருப்பு வேண்டுமென்றால் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் பிதுக்கி உள்தோலையும் எடுக்க வேண்டும். அது இரண்டாவது உரிப்பு. அரைக் கிலோவுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். பெங்களூரில் ஜனவரி மாதவாக்கில் அவரைக்கொட்டைக்கென்றே ஒரு மேளா நடத்தி, பிதுக்கிய பருப்பை விற்றுத் தீர்க்கிறார்கள். இரட்டை உரிப்பின் துன்பத்தைக் காசாக்கத் தெரிந்த ஊர். நம் வீடுகளில் அந்த மாலைப்பொழுது மாமியார், நாத்தனார், ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஆகியோர் கணக்கில் எழுதப்பட்டு, சமையல் குறிப்பில் "உரித்த மொச்சை ஒரு கப்" என்று வந்து நிற்கிறது. அந்த "உரித்த" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை நகக்கண் கறுத்திருக்கிறது!

இரண்டுக்கும் நடுவில் நிற்பது வேகவைத்த வேர்க்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மார்செய் நகரத்துக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. கப்பலுக்குத் தப்பியதை நாம் உப்புப் போட்டு வேகவைத்தோம். இதில் தின்பவரே உரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம், விருந்தாளிக்குக்கூட விலக்கில்லை. ஆகவே எடமாமேயின் தத்துவம் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. பல் செய்வதை இங்கே விரல் செய்கிறது, அவ்வளவே.

ஒரே ஒரு கோட்பாட்டுக் குறை உண்டு. மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தாளித்த எண்ணெய் தோலின் ரோமத்தில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் கொட்டைக்கு எட்டுவதில்லை. தின்பவருக்கு உதடு எரிகிறது, நாக்கில் இனிப்பாக ஒரு கொட்டை விழுகிறது. கோடை மாலையில் பீரோடு இதைத் தின்னும் ஜப்பானியருக்கு இது உகந்த ஏற்பாடு: உதடு எரிந்தால்தான் கிளாஸ் காலியாகும். புதுச்சேரியில் சைட் டிஷ்ஷுக்கு இந்த இலக்கணம் தெரியாதவர் இல்லை என்பதால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இது உதவுமா? இந்தக் கேள்வி வீட்டு மேலாய்வுக் குழுவின் முன், அதாவது அத்தையின் முன், வைக்கப்பட்டது. ஒரு காயை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"மாப்ள, நீங்க வேணா சப்பிக்கினு இருங்க. நான் பல்லு செட்டு போட்டுக்கினு இருக்கறவ."

பிறகு பேச்சில்லாமல் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த அத்தனையையும் உரித்துத் தள்ளினார். கருதுகோளுக்கு நேர் எதிரான சான்று இப்படிக் கண்ணெதிரே உருவாவதை ஆய்வாளர் தடுக்க இயலவில்லை. உரித்தது கத்திரிக்காயோடு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் மொச்சைக்குப் பதிலாக இறங்கியது. ருசி மோசமில்லை, கருவாட்டுக்கு முன்னால் எந்தக் கொட்டையும் தன் நாட்டைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் சோயாவில் கொழுப்பும் புரதமும் மிகுதி, மாவுச்சத்து குறைவு. மொச்சை போல வெந்து கரைந்து குழம்பைத் திரட்டாமல் கடைசிவரை நறுக்கென்றே நின்றது. அத்தை ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்ற வேண்டியதாயிற்று.