எண்பதுக்காரன்

தங்கச்சி டுபாயிலிருந்து ஐபோன் 15 அனுப்பிய நாளிலிருந்து நான் எண்பதுக்காரன். செட்டிங்கில் 80 சதவீதம் என்று போட்டுவிட்டால் போன் அதற்குமேல் சார்ஜ் ஏற்றாது. லித்தியம் பெட்டரிக்கு இரண்டு பகை: ஒன்று சூடு, மற்றது வயிறு நிரம்பிய நிலையில் மணிக்கணக்காகக் கிடப்பது. இதை அம்மாவிடம் விளக்கினேன்.

"சோத்தை முக்கால் வயித்தோட நிறுத்துன்னா கேக்கமாட்ட. போனுக்கு மட்டும் பத்தியமா?"

அம்மாவின் போன் ராத்திரி பூரா சார்ஜில், தலையணைக்கடியில் கிடக்கும். இரண்டு பகையும் ஒரே படுக்கையில். நானோ பல் விளக்குமுன் பெட்டரி ஆரோக்கியம் பார்க்கிறவன். ஒருநாள் அது 91லிருந்து 90க்கு இறங்கியது. துக்கம் விசாரிக்க ஆள் வராத குறைதான்.

"உங்க போன்ல எவ்வளவும்மா?"

"அதுல எங்க காட்டுது? பிரஷர் பாத்தாத்தானே பிரஷர் வரும்."

ஆயிரம் தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலும் புதுசில் இருந்ததில் 80 சதவீதம் மிஞ்சும்படி செய்திருப்பதாகக் கம்பனி சொல்கிறது. என்றைக்கோ வரப்போகிற எண்பதுக்குப் பயந்து முதல் நாளே எண்பதில் குடியேறியவன் நான். இப்போது 90இல் 80. கணக்குப் பார்த்தால் கையில் இருப்பது 72.

ஒரு ராத்திரி எழும்பிப் பார்த்தால் திரையில் 100! சார்ஜரைப் பிடுங்கி எறிந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெட்டரிக்குள் குச்சி விட்டு அளக்க வழியில்லை. போனது, வந்தது, வோல்டேஜ் என்று போன் ஒரு கணக்கு எழுதி வைக்கிறது. சில்லறைக் கடைக் கடன் கொப்பி மாதிரி அது மெல்ல மெல்லப் பிசகும். நேராக்குவதற்காகவே இடையிடையே நூறு வரை ஏற்றிக்கொள்கிறதாம். நான் நாளெல்லாம் பூஜை செய்த சதவீதம், கடைசியில் ஒரு மதிப்பீடு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை வாக்கில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதாம், அமைச்சரே சொன்னார். உடவத்தகெலே காட்டோரம் குடியிருக்கிற எங்களுக்குக் குரங்கு புதுசில்லை, ஆனால் ஒன்றே ஒன்று இலங்கையை அணைக்கும் என்று நினைக்கவில்லை. என் போனில் அப்போது 46. குரங்குச் செய்தியையும் அதற்கு வந்த கேலிப் படங்களையும் பார்த்தே அதைக் கரைத்தேன். பின்னேரம் தங்கச்சி கோல் எடுத்தாள். "ஹலோ" முடியுமுன் திரை கறுத்தது.

அடுத்த நிமிஷம் தலையணைக்கடியில் மணி அடித்தது. அம்மா எடுத்து நீட்டினார். 88.

"இந்தா, இதுல கதை. ஆயுசு குறைஞ்ச போன்தான், பரவாயில்ல."