ஊளையிட ஒரு பஸ் பயணம்

1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. பிலடெல்பியாவைச் சேர்ந்த முப்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறி நியூயார்க்குக்குப் போனார்கள். ஆட்டம் பார்க்க அல்ல. அன்று ஆட்டமே கிடையாது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒருவர் மேடையேறி, கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படிக்கப்போகிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ரிக்கி வில்லியம்ஸ் என்று படித்தால் ஆடித் தீர்ப்பது, வேறு யார் பெயரைப் படித்தாலும் ஊளையிடுவது என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போனார்கள். ஆள் திரட்டியவர் டபிள்யூ.ஐ.பி. ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்திய ஆஞ்சலோ கட்டால்டி. கோஷ்டிக்கு 'டர்ட்டி தர்ட்டி' என்று பெயர் வேறு.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, தேங்காய் மாதிரி நீண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் லீக்கான என்.எஃப்.எல்.-இல் இன்று 32 அணிகள். கல்லூரியில் ஆடிய பையன்களை ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் ஏப்ரலில், வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் டிராஃப்ட். இதில் பணம் கூவி ஏலம் எடுக்கிற வேலை கிடையாது. போன பருவத்தில் எல்லாரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்ற அணி கடைசியில் நிற்க வேண்டும். இப்படி ஏழு சுற்று.

இந்த ஏற்பாட்டை 1935-இல் முன்மொழிந்தவர் பெர்ட் பெல். நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வசதியான அணிகளே வளைத்துப் போட்டுவிடுகின்றன என்பது அவருடைய புகார். புகாரில் நியாயம் இருந்தது. சொந்த நலனும் இருந்தது. ஏனென்றால் அவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. அந்தப் பருவத்தில் அவர் அணி வென்றது இரண்டே ஆட்டம். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தபோது, முதல் தேர்வு அவருக்கே வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் இந்தப் பெர்வாங்கர். சம்பளப் பேரம் படியவில்லை. பெல் அவருடைய உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டார். அங்கேயும் படியவில்லை. பெர்வாங்கர் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார், என்.எஃப்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்டின் முதல் தேர்வே பிலடெல்பியாவின் தேர்வு, அதுவே வீண் தேர்வு. அன்று ஹோட்டலில் ஊளையிட ரசிகர்களை அனுமதிக்காததுதான் குறை.

அறுபத்து மூன்று ஆண்டு கழித்து அந்தக் குறை தீர்ந்தது.

1998 பருவத்தில் ஈகிள்ஸ் 16 ஆட்டத்தில் 13-இல் தோற்றிருந்தது. கைமேல் பலனாக 1999-இல் இரண்டாவது வாய்ப்பு. புதிதாக வந்த கோச் ஆண்டி ரீட் அதுவரை எந்த என்.எஃப்.எல். அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று ஊர் கேட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ் பந்தோடு ஓடிய தூரத்தில் கல்லூரிச் சாதனையையே முறியடித்தவர்; ஹைஸ்மன் வாங்கியவர்; சடைமுடியோடு பார்க்கவே அட்டகாசமாக இருப்பார். இதற்குமேல் என்ன வேண்டும்? மேயர் எட் ரெண்டலும் ரிக்கி கட்சிதான். ரேடியோவில் வந்து அதைச் சொல்லவும் செய்தார். குடிநீர், குப்பை, போலீஸ் ஆகியவற்றோடு, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும் நகராட்சியின் பொறுப்பாகிவிட்ட காலம் அது.

மேடையில் படிக்கப்பட்ட பெயர் டோனவன் மக்நாப். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் கோட்டு சூட்டோடு மேடைக்கு வந்த 22 வயதுப் பையனைப் பார்த்து, அவனை வரவேற்க வேண்டிய ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். தொலைக்காட்சி அதை அப்படியே நாடு முழுக்கக் காட்டியது. இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறது.

மக்நாப் ஈகிள்ஸில் 11 பருவம் ஆடினார். ஐந்து முறை அணியை அரையிறுதிக்கு, அதாவது தன் பிரிவின் சாம்பியன் பட்ட ஆட்டத்துக்கு, கொண்டுபோனார். ஒரு முறை இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கே கொண்டுபோய் மூன்று புள்ளியில் தோற்றார். 2013-இல் அவருடைய 5-ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று ஈகிள்ஸ் ஓய்வு கொடுத்தது. அன்று அரங்கம் எழுந்து கைதட்டியது.

இதைச் சொல்லித்தான் பிலடெல்பியாக்காரர்களை வழக்கமாக மட்டம்தட்டுவார்கள். ஆனால் அந்த முப்பது பேருக்காகவும் வாதாட ஆள் வேண்டும். 1999 டிராஃப்டின் முதல் 12 இடத்தில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். மக்நாப்புக்கு அடுத்தபடியாகச் சின்சினாட்டி எடுத்த அகிலி ஸ்மித் 17 ஆட்டத்தில்தான் தொடக்க ஆளாக இறங்கினார், அத்தோடு சரி. முதலிடத்தில் கிளீவ்லாந்து எடுத்த டிம் கௌச்சும் ஐந்து பருவத்தில் காணாமல் போனார். ஓட்டக்காரர்களோ அசத்தினார்கள். ரிக்கி 2002-இல் லீகிலேயே அதிக தூரம், 1,853 கெஜம், ஓடினார். ஆக, கட்டால்டியின் பஸ் வேறு ஊரிலிருந்து கிளம்பியிருந்தால் அதிலிருந்தவர்கள் தீர்க்கதரிசிகள். சரியான கூச்சலைத் தவறான ஊரிலிருந்து போட்டுவிட்டார்கள்.

அந்த நாளின் உண்மையான வேடிக்கை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் நடந்தது. அதன் கோச் மைக் டிட்காவுக்கு ரிக்கி மேல் ரசிகனுக்கு வருகிற காதல். கையிலிருந்த 1999 வாய்ப்புகள் அத்தனையையும், போதாததற்கு 2000-இன் முதல் சுற்று, மூன்றாம் சுற்று வாய்ப்புகளையும் வாஷிங்டன் அணிக்குக் கொடுத்து, ஐந்தாம் இடத்தில் ரிக்கியை வாங்கினார். அந்த ஆண்டு டிராஃப்டில் செயின்ட்ஸ் எடுத்த மொத்த ஆள் ஒருவர். கொஞ்ச நாளில் இருவரும் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் அட்டையில் தோன்றினார்கள்: டிட்கா மாப்பிள்ளைக் கோலத்தில், ரிக்கி வெள்ளை மணப்பெண் கவுனில். கல்யாணம் ஒரு பருவத்துக்குமேல் தாங்கவில்லை. செயின்ட்ஸ் 13 ஆட்டத்தில் தோற்றது. டிட்காவின் வேலை போயிற்று. அந்தத் தோல்விகளால் மதிப்பு ஏறிய 2000-இன் முதல் சுற்று வாய்ப்பு, நாட்டிலேயே இரண்டாவது இடமாகி, வாஷிங்டன் மடியில் போய் விழுந்தது.

ரசிகனுக்கும் கோச்சுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருவரும் ஒரே பைத்தியக்காரத்தனத்தைச் செய்யலாம். ரசிகனை யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது.

சூப்பர் பவுல் பிப்ரவரியில் முடிந்துவிடும். அடுத்த ஆட்டம் செப்டம்பரில். நடுவில் உள்ள மாதங்களில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒன்று தேவைக் கட்சி: அணியில் எந்த இடம் ஓட்டையோ அந்த இடத்துக்கு ஆள் எடு. மற்றது திறமைக் கட்சி: ஓட்டையைப் பார்க்காதே, இருப்பதில் சிறந்தவனை எடு. இதை எழுதுபவர் திறமைக் கட்சி. ஏப்ரலில் மட்டும். செப்டம்பரில் ஓட்டை வழியாக எதிரணி ஓட ஆரம்பித்ததும் தேவைக் கட்சிக்குத் தாவிவிடுவார். அங்கே இவரைப்போலத் தாவி வந்தவர்கள் நிறைய.

இரண்டு கட்சிக்கும் பொதுவான வேதம் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன். அங்கே பையன்களை அரைநிக்கரோடு நிறுத்தி, உயரம் பார்த்து, எடை பார்த்து, கையை விரிக்கச் சொல்லி அளந்து, 40 கெஜம் ஓடவிட்டு நொடிக்கணக்கில் குறித்துக்கொள்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பவர்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. 2020-இல் ஜோ பர்ரோவின் கையை அளந்தால், சுண்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிவரை ஒன்பது அங்குலம்தான். அதுவரை பர்ரோவைக் கொண்டாடியவர்கள் கையின் அளவைப் பற்றி முகம் சுருங்கப் பேசத் தொடங்கினார்கள். பந்து விரல்களிலிருந்து நழுவப்போகிறது, ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று பர்ரோவே கிண்டலடித்துவிட்டார். அந்தச் சின்னக் கையோடு முதலிடத்தில் தேர்வாகி, இரண்டாவது பருவத்திலேயே சின்சினாட்டியைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாகப் போன கதை எல்லாருக்கும் தெரியும். டிராஃப்ட் விவாதத்தில் வாதம் தீர்ந்துபோனவர் கடைசியாக எடுத்து வீசுவது அதைத்தான்.

ரசிகர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது, நிபுணர்களுக்குத் தெரியுமே என்றால், 1994-ஐப் பார்க்க வேண்டும். மெல் கைப்பர் என்பவர் 1984 முதல் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் டிராஃப்டுக்கு வியாக்கியானம் செய்பவர். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி ஐந்தாம் இடத்தில் டிரெண்ட் டில்ஃபர் என்ற குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு டிரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற தடுப்பாளரை எடுத்தது. கைப்பர் நேரலையில் கிழித்துத் தொங்கவிட்டார். அணியின் தேர்வுப் பொறுப்பாளர் பில் டோபினும் அதே நேரலையில் தோன்றி, யார் இந்தக் கைப்பர், எந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார் என்று பொரிந்து தள்ளினார். நடந்தது என்ன? ஆல்பர்ட்ஸ் காயம்பட்டு மூன்று பருவத்தில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பின் தொலைக்காட்சியில் கால்பந்து வியாக்கியானம் செய்யப் போனார். டில்ஃபர் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் பிற்பாடு பால்டிமோர் அணியில் சூப்பர் பவுல் வென்றுவிட்டார். இருதரப்பும் ஜெயித்ததாக இன்றைக்கும் வாதிடலாம்.

அறிவியலையும் கேட்டாகிவிட்டது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தைலரும், கேட் மாஸி என்பவரும் சேர்ந்து பல ஆண்டு டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரு ஆட்டக்காரர், அவருக்கு அடுத்தபடியாக அதே இடத்துக்குத் தேர்வானவரைவிடச் சிறப்பாக ஆடுவாரா என்றால், நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடச் சற்றே மேலான வாய்ப்புதான் என்று தெரிந்தது. ஒரே ஒருவருக்காக நாலைந்து வாய்ப்புகளை வாரிக் கொடுப்பது அணிகள் செய்யும் பெரிய தவறு என்பதும் அவர்கள் முடிவு. டிட்காவின் தாராளத்தால் ஒரு காலத்தில் கொழித்த வாஷிங்டன் இதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? 2012-இல் ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பையும் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்தது அதே வாஷிங்டன்தான். கிரிஃபின் முதல் பருவத்தில் மின்னினார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று.

பிலடெல்பியாவின் அடுத்த பெரிய வழக்கு 2020. கொரோனா காலம், லீகின் தலைவர் ரோஜர் குடெல் தன் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்தார். ஈகிள்ஸுக்குப் பந்து பிடிக்க ஆள் வேண்டும் என்பதில் தேவை, திறமை இரண்டு கட்சியும் அபூர்வமாக ஒத்துப்போன ஆண்டு. 21-ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தார்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் மறுகணமே 22-ஆவதாக ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. ஜெஃபர்சன் முதல் பருவத்திலேயே 1,400 கெஜம் குவித்தார். ரேகர் நானூறைத் தொடவில்லை. பிலடெல்பியா ரசிகர்கள் இதற்காகக் கத்தியதில் எந்தப் பிழையும் சொல்ல முடியாது. ஈகிள்ஸ் 2022-இல் ரேகரை வேறொரு அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த வேறொரு அணி மினசோட்டா வைக்கிங்ஸ்.

ஆனால் அதே 2020-இல், மறுநாள் இரண்டாம் சுற்றில், இன்னொரு சத்தமும் கேட்டது. கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு முந்தைய ஆண்டுதான் பெரும் தொகைக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார்கள். அப்படியிருக்க 53-ஆவது இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக், ஜேலன் ஹர்ட்ஸ். வீட்டில் ஒருவர் இருக்கும்போது இது எதற்கு என்று ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டே வென்ட்ஸ் வேறு அணிக்குப் போனார். 2025 பிப்ரவரியில் ஹர்ட்ஸ் சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர். ஈகிள்ஸ் 40-22 என்று கன்சாஸ் சிட்டியை நொறுக்கியது. தோற்ற அணியின் கோச், பிலடெல்பியாவை விட்டு எப்போதோ போயிருந்த ஆண்டி ரீட். ஹர்ட்ஸ் வேண்டாம் என்று 2020-இல் கத்திய ஒருவரையாவது இப்போது அந்த ஊரில் கண்டுபிடிப்பது கடினம். ரேகர் வேண்டாம் என்று கத்தியவர்களோ தெருவுக்கு நூறு பேர்.

கோப்பை வென்றதால் 2025 டிராஃப்டில் ஈகிள்ஸுக்கு முதல் சுற்றின் கடைசி இடம், 32. அந்த இடத்தில் யாரை எடுத்தாலும் சரி என்று ஒரு ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அணி சும்மா இருக்கவில்லை. கன்சாஸ் சிட்டிக்கு ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து, 32-இலிருந்து 31-க்கு, சரியாக ஒரே ஒரு படி, ஏறியது. தடுப்பு வரிசையின் நடுப்பகுதியில் ஆடும் லைன்பேக்கர், அலபாமாவின் ஜிஹாத் கேம்பெலை எடுத்தது. மார்ச்சில்தான் அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தோள் எப்போது ஆறும்? தடுப்பு வரிசையின் பின்பக்கத்துக்கு அல்லவா ஆள் வேண்டும்? ஒரு படி ஏற ஒரு வாய்ப்பா? அந்த ஐந்தாம் சுற்றில் யாரை எடுத்திருக்கலாம் என்பதற்கு ஆளுக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.