அசுவினிக்கு மருந்து

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. பதினொண்ணாப்பு வந்ததும் உன்னைய என்.எஸ்.எஸ்.ல சேத்து, ஆறாப்புப் பொடியன்களுக்குப் புகையிலை வேணாம்னு நீதான் சொல்லித் தரணும்னுட்டாராமே வாத்தியாரு? நல்ல ஆளாத்தான் பாத்துப் புடிச்சிருக்காரு.

கேலி இல்லடா. எனக்கு மொத பீடியப் பத்தவச்சுக் குடுத்தது எங்கப்பனா, கடைக்காரனா? கம்மாக்கரையில எருமை மேச்ச பதினாறு வயசு அண்ணன் ஒருத்தன். எனக்குப் பத்து வயசு. இருமி இருமிக் கண்ணுல தண்ணி கொட்டுது. அவன் முதுகுல ஒரு தட்டு தட்டி, "ஆளாயிட்டடா"ன்னான். அந்தத் தட்டுக்காகவே மறுநாளும் போயி நின்னேன். வாத்தியாரு நூறு தடவை கத்துறதும், நீ ஒருதடவை தோள்ல கை போடுறதும் ஒண்ணாகாது.

ஆனா சார்ட்டத் தூக்கிட்டுப் போயிறாத. புத்து வந்த வாயி, கருகுன நுரையீரல் எல்லாம் பயலுக பாக்காததா? டப்பாவுல நூத்துக்கு 85 பங்கு அந்தப் படமும் எச்சரிக்கை எழுத்துந்தான். அதைப் பாத்துக்கிட்டேதான் உங்கப்பன் தீப்பெட்டி தேடுறான். சட்டமும் பேசாத. பள்ளிக்கூடத்துலருந்து 100 கெஜத்துக்குள்ள விக்கக்கூடாது, 18 வயசு ஆகாதவனுக்குத் தரக்கூடாதுன்னு 2003லயே எழுதி வச்சாச்சு. நம்ம கடைக்காரன் கெஜக்கோலு ரப்பர்ல செஞ்சது, வர்ற ஆளப் பாத்து நீளும்.

பொடியனுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: ஒரு அண்ணன் நீட்டுறப்ப எப்படி நழுவுறது? நாடகம் மாதிரி வெறுங்கைய நீட்டு. "வேணாண்ணே, அடுத்த ஓவர் எனக்கு"ன்னு ஓடிப் பழகட்டும். பத்துத் தடவை பழகுனா நாக்குல தானா வந்துரும். வெறுங்கைன்னு சொன்னேன், கவனம்.

அப்பறம் சனிக்கிழமை அத்தன பேரையும் நம்ம தோட்டத்துக்குக் கூட்டியா. அவரைக் கொடி இன்னும் பூ வைக்கல, அதுக்குள்ள அசுவினி அப்பிக் கெடக்கு. புகையிலையக் கொதிக்க வச்சு வடிகட்டி, சோப்பக் கரைச்சு ஊத்தி அடிச்சா பொலபொலன்னு உதிரும். தள்ளி நின்னு கண்ணால பாக்கட்டும். வேடசந்தூர் பக்கம் புகையிலைக் காட்டுக்குக் கூலிக்குப் போனப்ப, பனி ஈரத்தோட எலை ஒடிச்ச அன்னைக்குத் தலை சுத்தி வாந்தி எடுத்துட்டேன். வாயில வைக்கலடா, கையில பட்டதுக்கே!

என்ன, அதுக்குள்ள எந்திரிக்கிற? பாடி ஸ்பிரேய இம்புட்டு அடிச்சுக்கிட்டு கெழவன் பக்கத்துல வந்தா ஆச்சா? பல்லுதான் போச்சு, மூக்கு நல்லாத்தான் இருக்கு. மருந்துக்குன்னு காசு குடுத்துப் புகையிலை வாங்க எனக்கு மனசில்ல. உன் இடது சாக்ஸுக்குள்ள ஒரு பொட்டலம் இருக்குல்ல, அத இந்தத் தகர டப்பாவுல போடு. பேக்குல சின்ன ஜிப்புக்குள்ள இருக்கறதையும் சேத்து.

சோப்புச் செலவு என்னோடது.