ஃபைனல், ஃபைனல் 2, நிஜமான ஃபைனல்

இந்த வாரம் விளம்பர ஏஜென்சிக்காரர்களும், அவர்களிடம் ஃபைல் கேட்டுக் களைத்த கிளையன்ட்களும். எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரும் தொழிலும் மட்டும்.

கேள்வி (டிசைனர், வடபழனி): ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்' என்று நாலு ஃபைல் கிடக்கின்றன. எதை பிரஸ்ஸுக்கு அனுப்புவது?

பதில்: எதையும் அனுப்பாதீர்கள். கிளையன்ட் ஓகே செய்தது அநேகமாக அவர் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் ஐந்தாவது ஃபைலாக இருக்கும்.

'ஃபைனல்' என்று பெயர் வைக்கிற அதிகாரம் டிசைனருக்குக் கிடையாது. வேலை முடிந்தது என்று நீங்கள் நம்பிய நேரத்தைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. கிளையன்ட்டும் நம்பினாரா என்பது வேறு விஷயம். ஆகவே பெயரைத் தேதியில் ஆரம்பியுங்கள், அதுவும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: '2025-10-03_முறுக்குக்கடை_தீபாவளிபேனர்_வி3'. நாளை முதலில் போட்டால் ஜனவரி 3-ம் அக்டோபர் 3-ம் ஒட்டி உட்காரும். கம்ப்யூட்டருக்குக் காலண்டர் தெரியாது, இடப்பக்கத்து எண்ணிலிருந்து வரிசை பிடிக்கத்தான் தெரியும். இப்படித் தேதி எழுத சர்வதேசத் தரமே உண்டு. ஐ.எஸ்.ஓ. 8601 என்று 1988-இல் வந்தது. நம் ஏஜென்சிகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

கூடவே 'அப்ரூவ்டு' என்று ஒரு ஃபோல்டர். கிளையன்ட் எழுத்தில் சரி என்று சொன்ன ஃபைல் மட்டும் அதற்குள் போகலாம். அவர் சொன்ன மெயிலும் பக்கத்திலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் பொம்மையும் செல்லுமா என்று அடுத்து கேட்பீர்கள். எந்த டிசைனுக்குக் கீழே, என்றைக்கு வந்தது என்று ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்தால் ஏதோ ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை.

கேள்வி (ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு): லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? அதற்கு ஒரு டிரைவ், ஒரு லிங்க், ஒரு பாஸ்வேர்டு!

பதில்: போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பின்னணி இல்லாத லோகோ, பின்னணியோடு வந்து இறங்கும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதை இருபது அடிக்கு இழுப்பார். பெயரைச் சுற்றி ஒரு கட்டம், ஓரமெல்லாம் பிசிறு. பண்டிகை முடியும்வரை ஊரே பார்க்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் போனை மாற்றிய பிறகு பழைய மெசேஜைத் தொட்டுப் பாருங்கள், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வரும். அவசரத்துக்கு வாட்ஸ்அப் சரி. அது பீரோ ஆகாது.

கேள்வி (அக்கவுண்ட் மேனேஜர், கோவை): ஞாயிற்றுக்கிழமை காலை கிளையன்ட்டின் எம்.டி. பிரஸ்ஸில் நின்றுகொண்டு என் லிங்கைத் திறந்திருக்கிறார். 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' என்று வந்திருக்கிறது. என்ன திட்டினார் என்று இங்கே எழுத முடியாது.

பதில்: எழுதியிருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். கூகுள் டிரைவில் நீங்களாக மாற்றாதவரை ஒரு ஃபைல் பூட்டித்தான் இருக்கும். உங்களுக்கு மட்டும் திறப்பதற்குக் காரணம் நீங்கள் உள்ளே லாகின் ஆகியிருப்பது. லிங்கை அனுப்புவதற்கு முன்னால் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் போட்டுப் பாருங்கள். எம்.டி. பார்க்கப்போவதை அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடலாம்.

அதற்காக எல்லாவற்றையும் 'லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்' என்று திறந்துவிடாதீர்கள். பேனருக்கு அது பரவாயில்லை, எப்படியும் தெருவில் கட்டத்தானே போகிறோம். கிளையன்ட் கொடுத்த வாடிக்கையாளர் பட்டியல், போன் நம்பரோடு இருக்கும் எக்ஸெல், இதெல்லாம் பெயர் சொல்லி மெயில் ஐ.டி.க்கு மட்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் மாத ரீடெய்னர் அதில் எத்தனையாவது தசமஸ்தானம் என்று கணக்குப் போட வேண்டாம். தூக்கம் கெடும்.

கேள்வி (ஏஜென்சி நடத்துபவர், மதுரை): ஒரு பையன் வேலையை விட்டுப் போனான். மறுமாதம் கிளையன்ட்களுக்குக் கொடுத்த பாதி லிங்க் வேலை செய்யவில்லை. பழிவாங்கிவிட்டானா?

பதில்: அவனைத் திட்டாதீர்கள். அழித்தது நீங்கள்தான். டிரைவில் போடும் ஃபைல் போட்டவரின் கணக்குக்குச் சொந்தம். அவர் போனதும் கணக்கை நீக்கினீர்கள், ஃபைல்களும் கூடவே போயின. நீக்குவதற்கு முன் உரிமையை வேறொருவருக்கு மாற்றியிருக்கலாம். அதைவிட, கம்பெனி பெயரில் 'ஷேர்டு டிரைவ்' வைத்துக்கொண்டால் ஆள் வந்தாலும் போனாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். இலவச ஜிமெயில் கணக்கில் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 15 ஜி.பி. என்பது டிரைவுக்கு மட்டுமல்ல, மெயிலும் போட்டோவும் சேர்த்து. அது நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். கிளையன்ட் 'அப்ரூவ்டு' என்று அனுப்பிய மெயில் உட்பட.

கேள்வி (ஹோட்டல் நிர்வாகி, தஞ்சாவூர்): காசு கொடுத்து லோகோ செய்தோம். ஓப்பன் ஃபைல் கேட்டால் ஏஜென்சி தர மறுக்கிறது. இது நியாயமா?

பதில்: நியாயம் இருக்கட்டும், முதலில் அக்ரிமென்ட்டை எடுங்கள். அக்ரிமென்ட்டே இல்லை என்கிறீர்களா? பெரும்பாலான கேள்விகள் இங்கேதான் முடிகின்றன.

1957-இன் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 17 கொஞ்சம் விசித்திரமானது. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம், எடுத்த விளம்பரப் படம், இவற்றுக்கு வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் உரிமையாளர் நீங்கள். லோகோவும் பிரோஷர் வாசகமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, உங்கள் இட்லியின் போட்டோ உங்களுடையது, இட்லிக்கு மேலே இருக்கும் லோகோ உங்களுடையதுதானா என்பதற்குக் காகிதம் வேண்டும். பிரிவு 19-இன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள். சிங்கப்பூரில் கிளை திறக்கும் யோசனை இருந்தால் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

ஏஜென்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓப்பன் ஃபைலுக்குத் தனி விலை உண்டென்றால் கொட்டேஷனிலேயே போடுங்கள். சண்டை வந்த பிறகு சொல்லும் விலைக்கு வேறு பெயர் இருக்கிறது. கொடுக்கும்போது எழுத்துகளை 'கர்வ்' ஆக்கிய பிரதி ஒன்று, ஆக்காத பிரதி ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். பழைய யுனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில் செய்த பிரோஷரை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், 'அறுசுவை உணவகம்' ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக உடைந்து நிற்கும். கர்வ் ஆக்கினால் உடையாது, ஆனால் போன் நம்பர் மாறினால் திருத்தவும் முடியாது. அதற்குத்தான் இரண்டு.

கேள்வி (டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், ஓ.எம்.ஆர்.): மாதாமாதம் அறுபது பக்கத்துக்கு ரிப்போர்ட் அனுப்புகிறேன். படிக்கிறார்களா?

பதில்: இல்லை. முதல் பக்கத்தில் எவ்வளவு செலவு, எத்தனை விசாரணை வந்தது, அடுத்த மாதம் எதை நிறுத்துகிறோம். மீதி ஐம்பத்தொன்பதை ஃபோல்டரில் வைத்துவிட்டு லிங்க் கொடுங்கள்.

கேள்வி (ஏஜென்சி உரிமையாளர், திருச்சி): வேலையெல்லாம் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பில் கேட்டால், 'இன்னும் முழுசா வரலையே சார்' என்கிறார்கள். எல்லாமே அனுப்பியாகிவிட்டது!

பதில்: எங்கே அனுப்பினீர்கள்? இரண்டு மெயிலில், மூன்று வாட்ஸ்அப் குரூப்பில், ஒரு பென்டிரைவில். எதை என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை, அவர் எப்படிச் சொல்வார்? அவருக்கு அதில் வசதியும் இருக்கிறது.

மளிகைக் கடையில் மூட்டையோடு சிட்டை வருகிற மாதிரி, ஒப்படைக்கும் அன்று ஒரே ஒரு மெயில் போகட்டும். என்னென்ன ஃபைல், எந்த ஃபோல்டர், எந்தத் தேதி, குறை இருந்தால் எழுத்தில் சொல்லவும். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. நீங்கள் உத்யம் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-இன் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் உங்கள் பக்கம். வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் அவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒப்பந்தத்தில் என்ன கெடு போட்டிருந்தாலும் அங்கிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கிளையன்ட்டிடம் இதைச் சொல்லும்போது மிரட்டாதீர்கள். மெயிலின் கடைசியில் சின்ன எழுத்தில் போடுங்கள், அவருடைய ஆடிட்டர் படித்துக்கொள்வார்.

கேள்வி (மருத்துவமனை மார்க்கெட்டிங் பிரிவு, சேலம்): ஏஜென்சியை மாற்றுகிறோம். பழையவர்களிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: டிசைன் ஃபைலை எல்லோரும் கேட்கிறார்கள். சாவியைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெப்சைட் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ஃபேஸ்புக் பக்கத்துக்கு அட்மின் யார், கூகுள் விளம்பரக் கணக்கு யாருடைய மெயிலில், இவற்றை முதலில் பாருங்கள். டொமைன் பழைய ஏஜென்சி பெயரில் இருந்தால், உங்கள் மருத்துவமனையின் விலாசம் அவர்களிடம் வாடகையில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள், கொடுத்த பிறகு அல்ல.

கேள்வி (அதே மருத்துவமனை, வேறு பிரிவு): எங்கள் பக்கம் ஏழு பேர் கருத்துச் சொல்கிறோம். யார் ஓகே சொன்னால் ஓகே?

பதில்: புது ஏஜென்சியிடம் ஒருவர் பெயரை மட்டும் கொடுங்கள். மீதி ஆறு பேரும் அவரிடம் பேசிக்கொள்ளட்டும். குரூப்பில் சேர்மனின் மைத்துனர் இருந்தால் அவருக்கு 'வியூவர்' உரிமை போதும். 'கமெண்டர்' கொடுத்துவிடாதீர்கள்.