அட்டவணைத் தகப்பனார்

கல்பாக்கத்து ஈனுலைக்குள் நியூட்ரான்கள் எவ்விதம் பரவும் என்று பகலெல்லாம் கணக்கிட்டுவிட்டு, மாலையில் அணுபுரம் குடியிருப்பில் பேருந்தை விட்டு இறங்கியதும் அந்த மகானுபாவர் நம்மை வழிமறித்துக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "ஸார், உங்க பையனுக்குக் கணக்குக்கு எந்த வெப்சைட் போட்டிருக்கீங்க?"

பதில் சொல்வது விவேகமன்று. சொன்ன மாத்திரத்தில் செல்பேசியில் அட்டவணை விரியும். கான் அகாடமி, ஐ.எக்ஸ்.எல்., பிராடிஜி, ஸ்பிளாஷ்லேர்ன் என்று வரிசைகள். சந்தா எவ்வளவு, விளம்பரம் வருமா, சி.பி.எஸ்.இ. பாடத்தோடு ஒட்டுமா, விடை தப்பினால் காரணம் சொல்லுமா என்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், அதற்குத் தசமப் புள்ளி வேறு. பிராடிஜியில் கணக்குப் போட்டுத்தான் பூதத்தோடு சண்டையிட வேண்டும் என்பதால், மூன்றாம் வகுப்புக் குழந்தை கற்பது கணிதமா மாந்திரிகமா என்று ஒரு வாரம் விசாரம், ஐ.எக்ஸ்.எல்.லில் தப்பு விடைக்குப் புள்ளி இறங்கும் என்பதால், பிஞ்சு மனம் வாடுமோ என்று மறு வாரம் வியாகூலம். இறுதியில், காசே கேட்காத கான் அகாடமி முதலிடம் பெற்றபோது, "சும்மா கொடுக்கிறான்னா ஏதோ சூட்சுமம் இருக்கணுமே!" என்ற சந்தேகம் தோன்றி, ஆராய்ச்சி மறுபடியும் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பமாயிற்று.

மனிதர் பரம சாது. மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்த மகளோ, இதற்கிடையில், 52-இல் 17 போனால் 45 என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் ஏழு போகாது என்று கண்டதும், கடன் வாங்கத் தெரியாமல், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறாள். தப்பு என்று வெப்சைட் சொல்லிவிடும், "இந்த அஞ்சு எப்படிம்மா வந்தது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

கான் அகாடமியின் பூர்வகதையே அதுதான். 2004-இல் பாஸ்டனிலிருந்த சல்மான் கான் (ஹிந்தி நடிகர் அல்லர்), நியூ ஆர்லியன்ஸில் கணக்கில் தடுமாறிய உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஸ்தாபனம் பிறந்தது 2008-இல்தான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த குழந்தைக்காக அவருக்குக் கிடைத்த அவகாசம், கூடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் மகளுக்காக நம்மவருக்குக் கிடைக்கவில்லை. தினம் கால் மணி நேரம் போதுமே! அதைச் செய்யாமல், வேலை முடிந்து வீடு திரும்புகிற எங்கள் பிராணனை நடுத்தெருவில் நிறுத்தி வாங்குவானேன்?