மெட்ராஸ் ஊரல்ல, உறைப்பு!

கேள்வி: லண்டனுக்கு வந்த புதிது. தெருமுனை 'இந்தியன்' கடையில் 'சிக்கன் மெட்ராஸ்' ஆர்டர் செய்தேன். நான் மயிலாப்பூர்க்காரன். டப்பாவைத் திறந்தால் எங்கள் ஊரின் அடையாளமே இல்லையே?
– குராய்டன் வாசகர்

பதில்: பிரிட்டனில் மெட்ராஸ் என்பது ஊரல்ல, உறைப்பின் அளவு. கோர்மா குழந்தைக்கு, மெட்ராஸ் மீசைக்கு, விண்டாலூ பந்தயத்துக்கு. அதற்கும் மேலே 'ஃபால்' என்று ஒன்று உண்டு. அதைக் கேட்பவர் பெரும்பாலும் நண்பர்கள் உசுப்பேற்றிவிட்ட ஆசாமியாக இருப்பார். விண்டாலூவில் 'ஆலூ' எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த, ஒயினும் பூண்டும் போட்டு ஊறவைத்த இறைச்சியின் பெயர் திரிந்து அப்படியானது. ஆனாலும் பல கடைகளில் உருளைக்கிழங்கு போட்டே தருகிறார்கள். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா!

கேள்வி: போனில் எத்தனை ஐட்டம் சொன்னாலும் 'இருபது நிமிஷம்' என்கிறார்களே, என்ன மாயம்?
– லெஸ்டர் வாசகி

பதில்: மாயமெல்லாம் அண்டாவில். மூட்டை வெங்காயத்தோடு இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கேரட், குடமிளகாய், மஞ்சள்தூள் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, மைய அரைத்து, ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவிலான பதத்தில் வைத்திருப்பார்கள். கோழியும் முன்கூட்டியே வெந்து காத்திருக்கும். நீங்கள் போனை வைத்ததும் சட்டியில் எண்ணெய், பூண்டு விழுது, தக்காளி விழுது, மிளகாய்த்தூள். மேலே இரண்டு கரண்டி அந்தக் குழம்பு. தீ சட்டிக்குள்ளேயே எட்டிப்பார்க்கும். ஓரத்தில் காய்ந்து ஒட்டியதைச் சமையல்காரர் சுரண்டி உள்ளே தள்ளுவார். ருசி அந்தச் சுரண்டலில்தான்! பிறகு அலுமினியத் தட்டு, அட்டை மூடி, மூடிமேல் கோழிக்கிறுக்கலில் 'சி.டி.எம்.' வெந்த பருப்பு ஒன்றை வைத்துக்கொண்டு சாம்பார், கூட்டு, ரசம் என்று பந்தியையே ஒப்பேற்றும் நம் கல்யாணச் சமையல்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கேள்வி: 'சி.டி.எம்.' யார் கண்டுபிடிப்பு?
– கிளாஸ்கோ வாசகர்

பதில்: உங்கள் ஊரிலேயே கேட்டிருக்கலாமே! சிக்கன் டிக்கா மசாலா தன் அடுப்பில் பிறந்தது என்று ஷிஷ் மஹால் உணவகத்தின் அலி அகமது அஸ்லம் கடைசிவரை சொல்லிவந்தார். கோழி வறண்டிருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்ததால் வந்த குழம்பாம். மாமியார்கள் கவனிக்க. 2001ல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அதை பிரிட்டனின் தேசிய உணவு என்றே மேடையில் பேசினார்.

கேள்வி: 'இந்தியன்' கடை முதலாளிகள் பெரும்பாலும் வங்கதேசத்தவராமே? ஏமாற்றுதானே?
– பர்மிங்ஹாம் வாசகர்

பதில்: 1971க்கு முன் வங்கதேசம் என்று ஒரு நாடே கிடையாது; பெயர்ப்பலகை நாட்டுக்கு மூத்தது. சில்ஹெட்டிலிருந்து கப்பலில் கரி அள்ளிப்போட வந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் நடத்திய கடைகள் அவை. வெள்ளைக்காரனுக்குப் புரிந்த பெயரை வைத்தார்கள். உழைப்பில் ஏமாற்று இல்லை.

கேள்வி: வீட்டுக்கே சாப்பாடு வருவது ஆப் வந்த பிறகுதானே?
– ரெடிங் வாசகி

பதில்: இருநூறு வருஷம் பிந்திவிட்டீர்கள். பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810ல் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ்' திறந்தார். முன்கூட்டிச் சொன்னால் இந்தியச் சாப்பாடு சமைத்து வீட்டுக்கே அனுப்புவோம் என்று விளம்பரமும் செய்தார். 1812ல் திவால். மனுஷன் அசரவில்லை, பிரைட்டனுக்குப் போய் நீராவிக் குளியலும் 'ஷாம்பூ' என்ற பெயரில் உடம்புபிடித்தலும் ஆரம்பித்து, மன்னர் நான்காம் ஜார்ஜையே வாடிக்கையாளர் ஆக்கிவிட்டார். வயிற்றைப் பிடிக்கமுடியாதவர் முதுகைப் பிடித்தார்.

கேள்வி: தோசை பார்சல் வாங்கலாமா?
– ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: தோசைக்கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டா? செருப்பை மாட்டிக்கொண்டு நடங்கள், தாயே. பார்சல் தோசை வீடு வருவதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போர்வையாகிவிடும்.